அஃறிணை

செங்கலடிச் சந்தியில் ஏறினேன்.
ஏறாவூரில் மீன்சட்டியோடு ஏறிய ஒருத்தி
"கொஞ்சம் அரக்கி இரிங்க மகள்" என்று இடித்து இருந்தாள்.
முழங்கை வலது தோளில் பட்டது.
நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து
தன்னாமுனை மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.
அவர் கேட்கவில்லை.

மட்டக்களப்புப் பொலிசில்
பெண்கள் சிறுவர் பிரிவு என்று எழுதிய கதவுக்குப் பின்னால்
மூன்று பிளாஸ்டிக் கதிரை,
ஒற்றைக் கண்ணோடு ஒரு கரடிப் பொம்மை.
காற்றாடி மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சுற்றியது.
காக்கிச் சட்டைப் பிள்ளை எழும்பி
அதை என் பக்கம் திருப்பிவிட்டாள்.
பெயர் தில்ஹானி. ஊர் கெக்கிராவை.
தமிழ் படித்தது ஆறு மாதம்.
"பயம் வேணாம் அக்கா. பிழை பிழையா வரும்."

சொன்னேன்.
சேர் வந்தார்.
புதனுக்குப் புதன் வருவார்.
கடன் நாற்பதாயிரம்,
கட்டினது முப்பத்தொன்று,
அன்றைக்குத் தவணைக் காசு கையில் இல்லை.
நாளைக்கு வாங்க சேர் என்றேன்.
இருட்டும் மட்டும் இருந்தார்.
கையைப் பிடித்தார்.
உதறினேன், ஹெல்மெட்டால் அடித்தார்.

ஆர், ஆர், ஆர்.
வாய் பழகிவிட்டது.
எங்கள் குழுவில் பதினாலு பெண்களுக்கும்
அந்த மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால்
முழங்கால் தானாக நிமிரும்.

அவள் சிங்களத்தில் எழுதினாள்.
எனக்கு விளங்க வேண்டுமென்று
வரி வரியாகத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.
"அது ஆறு மணிக்கு வந்தது.
அது போகல்ல.
அது கைய பிடிச்சது.
அது தொப்பியால அடிச்சது.
சரியா அக்கா?"

சாதாரண தரத்தில் தமிழுக்கு விசேட சித்தி எனக்கு.
திணை பிழைத்தால் காதுக்குள் முள் குத்தும்.
அப்படி இல்லை தங்கச்சி, அவர் வந்தார்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
எடுத்த வாய் அப்படியே நின்றது.

அது வந்தது.
கிணற்றடிக்குப் பாம்பு வந்த மாதிரி.
கட்டாக்காலி மாடு வேலி பிரித்து வந்த மாதிரி.
அதற்கெல்லாம் யார் எழும்பி நிற்கிறது?

"சரி. அப்படியே எழுதுங்க."

பிறகு கேட்டாள்:
"வலி இப்ப எங்க இருக்கிறார்?"

சிரிப்பு வந்துவிட்டது, சிரிக்க விலா நொந்தது.
"தோளில் இருக்கிறார்" என்றேன்.
மூன்று நாளாக
என் வலிக்கு ஒரு மரியாதை கிடைத்தது
அங்கேதான்.

ஆஸ்பத்திரிக்கும் அவளே வந்தாள்.
சட்ட வைத்தியரின் அறைக்கு வெளியே
என் பையையும் செருப்பையும் காத்துக்கொண்டு நின்றாள்.
பஸ்ஸுக்கென்று நூறு ரூபா நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
பிறகு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை இரவு போன் எடுத்தாள்.
"அக்கா சாப்பிட்டுதா?"
ஆக, அவள் தமிழில் நானும் அதுதான்.
கோபிக்கத் தோன்றவில்லை.
பிள்ளை சாப்பிட்டுதா என்றுதானே நாங்களும் கேட்கிறோம்.
சாப்பிட்டுது, என்றேன்.
சாப்பிட்டிருக்கவில்லை.
போனை வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டேன்.

மூன்றாம் முறை நீதிமன்றத்துக்குப் போனபோது
தில்ஹானி இல்லை.
மாற்றமாம், மஹாஓயாவுக்கு.
புதுப்பிள்ளை எங்கள் பக்கத்து ஆள்,
இலக்கணம் சுத்தம்.
"அவர் இன்டைக்கும் வரல்ல.
அடுத்த தவணை பெப்ரவரி பதினெட்டு."

தவணை.
கடனுக்கும் அதே சொல், வழக்குக்கும் அதே சொல்.
இதை மட்டும் பிழையாகச் சொல்லித்தர
ஒருவரும் இல்லை.

கையில் எழுதிக்கொண்டேன்.
"அது வராட்டியும் நான் வருவன்."

அவள் பேனையை நிறுத்தி
என்னைப் பார்த்தாள்,
திருத்துவதா
விடுவதா என்று.